முயல் ரோமத்தில் எலிப்பசை: எண்ணெயா, பாரஃபினா, ஷாம்பூவா?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்திலிருந்து நீங்கள் எழுதியிருந்ததைச் சுருக்கினால் இதுதான். மகள் வளர்க்கும் இரண்டு கிலோ முயல், சமையலறை அலமாரிக்குப் பின்னால் வைத்திருந்த எலிப்பசை அட்டையில் போய் உட்கார்ந்துவிட்டது. அட்டையை எப்படியோ பிய்த்து எடுத்துவிட்டீர்கள். ஆனால் இடது விலாவிலும் பின்னங்காலிலும் ரோமம் கயிறு கயிறாகத் திரிந்து ஒட்டிக் கிடக்கிறது. ஆயா தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிறார். பக்கத்து வீட்டு அங்கிள் பாரஃபின் தொட்டுத் துடைக்கச் சொல்கிறார். மகள் தன் ஷாம்பூவைப் போட்டுக் குளிப்பாட்டலாம் என்கிறாள். மூன்றில் எது சரி, ராத்திரிக்குள் சுத்தம் பண்ண வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பசையை எது கரைக்கும் என்பது இதில் பாதிக் கேள்விதான். முயலுக்கு ஒன்றும் ஆகாமல் பசை போக வேண்டும் என்பதுதான் உங்கள் கவலை என்று எடுத்துக்கொள்கிறேன். ஆயா சொன்னது சரி, ஆனால் ஆயா நினைக்கிற அளவுக்கு எண்ணெய் வேண்டாம். பாரஃபின் பக்கமே போகாதீர்கள். ஷாம்பூக் குளியலும் வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேல், அந்த 'ராத்திரிக்குள்' என்பதை விட்டுவிடுங்கள். விலாவில் இருக்கும் பசை மூன்று நாள் அங்கேயே இருந்தாலும் முயல் சாகாது. ஒரே ராத்திரியில் அதை எடுத்தே தீர்வது என்று நான்கு பேர் சுற்றி உட்கார்ந்தால் சாக வாய்ப்பு உண்டு.

நான் கால்நடை மருத்துவர் இல்லை. டர்பனில் ஒரு விலங்கு மருத்துவமனையில் 17 வருடம் உதவியாளராக இருந்தேன். பெரும்பாலும் நாயும் பூனையும் வருகிற இடம்தான். முயல், கினிப்பன்றி, கிளி என்று ஏதாவது வந்தால் மட்டும் "நீங்களே பிடியுங்கள்" என்று என்னிடம் தள்ளிவிடுவார்கள், என் வீட்டில் எப்போதும் இரண்டு மூன்று முயல் இருக்கும் என்பதால். ஆக, கீழே வருவது கைப்பழக்கத்தில் கற்றது. அட்டையைப் பிய்த்தபோது தோல் கிழிந்ததா, காலில் சுளுக்கு இருக்கிறதா என்பதை உங்கள் எழுத்தைப் படித்து என்னால் சொல்ல முடியாது. வலி மருந்து, அதன் அளவு இதெல்லாம் முயலைக் கையில் பிடித்துப் பார்த்த மருத்துவர் சொல்ல வேண்டியவை. அந்தப் பக்கம் நான் போகவில்லை.

ஒரு விஷயம் பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். முயல் தன் உடம்பைத் தானே நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி. விழித்திருக்கிற நேரத்தில் ஒரு நல்ல பங்கு அதற்கே போய்விடும். பூனையும் அப்படித்தான், ஆனால் ஒவ்வாதது வயிற்றுக்குள் போனால் பூனை கக்கிவிடும். முயலால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது குடல் முழுக்கப் பயணம் செய்துதான் வெளியே வர வேண்டும். அதனால் ரோமத்தில் நீங்கள் தடவுகிற எதுவானாலும் கொஞ்ச நேரத்தில் அதன் வயிற்றில் இருக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பொருளைக் கையில் எடுக்கும்போதே, இதில் கால் கரண்டியை இதற்கு ஊட்டுவேனா என்று நினைத்துப் பாருங்கள். சூரியகாந்தி எண்ணெய் என்றால் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்பீர்கள். நெயில் பாலிஷ் அழிக்கும் திரவம் என்றால்?

எண்ணெய் ஏன் வேலை செய்கிறது என்பது பலாப்பழம் அறுத்தவர்களுக்குத் தெரியும். அறுக்கும் முன் கத்தியிலும் கையிலும் எண்ணெய் தடவிக்கொள்கிறோம். பலாப்பிசின் தண்ணீருக்கு மசியாது, எண்ணெய்க்கு மசியும். எலி அட்டையில் இருப்பதும் ஏறக்குறைய அதே குணம் கொண்ட சரக்கு. பெரும்பாலும் செயற்கை ரப்பர் வகைப் பசை, காய்ந்து இறுகாமல் எப்போதும் பிசுபிசுப்பாகவே இருக்கும்படி செய்தது. தண்ணீர் அதன்மேல் உருண்டு ஓடும். எண்ணெய் மெல்ல உள்ளே புகுந்து அதை இளக்கி, முடிமேல் அது வைத்திருக்கும் பிடியைத் தளர்த்தும். 'மெல்ல' என்பதைக் கவனியுங்கள். தடவியவுடன் ஒன்றும் நடக்காது. சில நிமிடம் விட்டால்தான் பசை உருண்டை உருண்டையாகக் கழலும். இந்தப் பொறுமை இல்லாதவர்கள்தான் எண்ணெய் வேலை செய்யவில்லை என்று அடுத்து டர்பன்டைனைத் தேடுகிறார்கள்.

எந்த எண்ணெய் என்பதில் ஆளுக்கொரு கட்சி. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி, ஆலிவ் மூன்றையும் போட்டுப் பார்த்திருக்கிறேன், சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. தேங்காய் எண்ணெய் ஜூலை மாதம் நம் ஊரில் கட்டியாகிவிடும், இந்த ஜனவரிப் புழுக்கத்தில் அந்தப் பிரச்சினை இல்லை. வாசனை சேர்த்த தலை எண்ணெய், மூலிகைத் தைலம், யூகலிப்டஸ், டீ ட்ரீ, ஆரஞ்சுத் தோல் எண்ணெய் எதுவும் கூடாது. 'இயற்கையானது' என்று லேபிளில் போட்டிருந்தாலும் கூடாது. டீ ட்ரீ எண்ணெய் சின்னப் பிராணிகளுக்கு விஷம்.

அங்கிள் சொன்ன பாரஃபினுக்கு வருவோம். இங்கே பெரிய பெயர்க்குழப்பம் ஒன்று இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் பாரஃபின் என்றால் அடுப்புக்கும் விளக்குக்கும் ஊற்றும் மண்ணெண்ணெய். மருந்துக்கடையில் 'லிக்விட் பாரஃபின்' என்று ஒரு குப்பி விற்கிறார்கள். அது மலச்சிக்கலுக்குக் கொடுக்கும், சுத்திகரித்த வெள்ளை எண்ணெய். வெளிநாட்டுக் குறிப்பு எதிலாவது பசைக்கு லிக்விட் பாரஃபின் தடவலாம் என்று இருந்தால், அது இந்த மருந்துக்கடைக் குப்பியைச் சொல்கிறது. அதைப் படித்துவிட்டு அடுப்பு பாரஃபினை எடுத்துத் துடைத்த வீட்டிலிருந்து ஒரு முயல் எங்களிடம் வந்தது. வயிற்றுப்பக்கத் தோல் சிவந்து, வெந்த மாதிரி இருந்தது. முயல் கூண்டு முழுக்க அந்த நாற்றம். மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும், ஆவி மூச்சுக்குழாயைத் தாக்கும், நக்கும்போது ஒரு சொட்டு நுரையீரல் பக்கம் போனாலும் ஆபத்து. பெட்ரோல், தின்னர், டர்பன்டைன், மெத்திலேட்டட் ஸ்பிரிட், அசிட்டோன் எல்லாம் இதே ஜாதிதான். அவற்றில் சில பசையைக் கரைக்கும், அதில் அங்கிள் சொல்வது உண்மை. அவர் முயலின் பக்கத்திலிருந்து யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஷாம்பூ விஷயத்தில் மகளைக் கோபிக்காதீர்கள், எல்லாப் பிள்ளைகளும் அதைத்தான் நினைக்கும். முதல் காரணம், தண்ணீரும் ஷாம்பூவும் இந்தப் பசையை அசைக்காது. இரண்டாவது, முயலின் ரோமம் நாய் முடி மாதிரி இல்லை. அடியில் பஞ்சு போல நெருக்கமான ஒரு அடுக்கு இருக்கிறது. நனைந்தால் எளிதில் காயாது, மேலே காய்ந்தது போல் இருக்கும், விரலை விட்டால் அடியில் ஈரம். முயலின் இயல்பான உடல் வெப்பம் சுமார் 38.5 முதல் 40 டிகிரி வரை. முழுக்க நனைந்த முயல் இந்த வெயில் காலத்திலும் சூட்டை இழந்துவிடும். மூன்றாவதுதான் பெரியது: பயம். தொட்டியில் இறக்கியதும் உதைக்கும். முயலின் பின்னங்கால் தசை பலம் அதிகம், எலும்போ லேசு. மொத்த எடையில் எலும்புக்கூடு எட்டு சதவீதம்கூட வராது. சரியாகப் பிடிக்காதபோது ஓங்கி உதைத்தால் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும். அப்படி வந்த முயலைப் பார்த்தவர்கள் அப்புறம் முயலைக் குளிப்பாட்டப் போக மாட்டார்கள்.

சரி, எப்படிச் செய்வது? முதலில் ஒன்றும் தடவாமல் பாருங்கள். ரோமத்தின் மேல் வாயால் மெல்ல ஊதினால் அது பூப்போல் பிரிந்து அடித்தோல் தெரியும். அட்டை ஒட்டியிருந்த இடம் முழுக்க இப்படி ஊதி ஊதிப் பாருங்கள். தோல் வெளிர் இளஞ்சிவப்பாக, முழுசாக இருந்தால் மேலே போகலாம். கிழிசல், ரத்தக்கட்டு, ரோமம் வேரோடு போன வழுக்கை இருந்தால் அந்த இடத்தில் எண்ணெய் வைக்காமல் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். பிறகு பசைமேல் சோளமாவைத் (கார்ன்ஃப்ளோர்) தூவுங்கள். கடையில் மைசீனா என்று கிடைக்கிறதே, அந்த நைஸ் மாவு. கூழுக்குப் போடும் மக்காச்சோள ரவையான மீலி மீல் கரகரவென்று இருக்கும், ஒட்டாது. மாவு பசையைக் கரைக்காது, ஆனால் அதன் வாயை அடைத்துவிடும். பசை மேற்கொண்டு பக்கத்து ரோமத்தையும், வைக்கோலையும், உங்கள் சட்டையையும் பிடிக்காது. முகத்துப் பக்கம் தூவாதீர்கள், முயல் மூக்கால் மட்டுமே மூச்சு விடுகிற பிராணி. டால்கம் பவுடரும் வேண்டாம்.

இதை மேசைமேல் செய்யாமல் தரையில் உட்கார்ந்து செய்யுங்கள். குதித்தாலும் விழ இடம் இல்லை. ஒருவர் பிடிக்க வேண்டும், ஒருவர் வேலை செய்ய வேண்டும், மூன்றாவது ஆள் அறையில் இருக்கக் கூடாது, நாயும்தான். ஒரு பருத்தித் துண்டை விரித்து, முயலை நடுவில் வைத்து, கொழுக்கட்டை மடிப்பது போல் இரண்டு பக்கமும் மடித்து, தலையும் பசை உள்ள விலாவும் மட்டும் வெளியே தெரியும்படி வையுங்கள். பின்பாகம் எப்போதும் ஒரு கையின் ஆதரவில் இருக்கட்டும். மல்லாக்கப் போட்டால் அசையாமல் கிடக்கிறதே என்று சிலர் அப்படிச் செய்வார்கள். அந்த அசைவின்மை நிம்மதியில் வருவதில்லை, வேட்டை மிருகத்தின் வாயில் சிக்கியதாக நினைத்து உறைந்துபோவது. செய்யாதீர்கள். இந்தப் புழுக்கத்தில் துண்டுக்குள் பத்து நிமிடத்துக்கு மேல் வைக்கவும் கூடாது. வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் உடனே விட்டுவிடுங்கள், அது அவசர நிலை.

எண்ணெயை முயல்மேல் ஊற்றாதீர்கள். ஒரு தட்டில் ஒரு தேக்கரண்டி எடுத்துக்கொண்டு, ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் அதில் தொட்டு, ஒரு திரியைப் பிடியுங்கள். ரோமத்தின் நுனியிலிருந்து தொடங்குங்கள். தலைச்சிக்கு எடுக்கும்போது அம்மாக்கள் செய்வார்களே, வேர்ப்பக்கத்தை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நுனியில் சீப்பை விடுவது, அதே முறை. இழுப்பு தோலுக்குப் போகாமல் உங்கள் விரலிலேயே நிற்கும். விரலுக்கிடையே அந்தத் திரியை பீடி சுருட்டுகிற மாதிரி உருட்டிக்கொண்டே இருந்தால், இரண்டு மூன்று நிமிடத்தில் பசை சாம்பல் நிறத்தில் கசிந்து வரும். மாவு கலந்ததால் வரும் நிறம் அது. டிஷ்யூவால் கிள்ளி எடுங்கள், தேய்க்காதீர்கள். தேய்த்தால் நல்ல ரோமத்துக்கும் பரவும். மறுபடி எண்ணெய், மறுபடி டிஷ்யூ. ஒரு உட்காரலில் இரண்டு திரி, மூன்று திரி சுத்தமானால் போதும். நாளுக்கு இரண்டு மூன்று தடவை. முடிக்கும்போது தடவிய இடத்தில் மாவைத் தூவி, எண்ணெயை அது உறிஞ்சியதும் மெல்லிய பிரஷ்ஷால் வாரிவிடுங்கள்.

எண்ணெய்ப் பிசுக்கு நிறைய மிஞ்சினால் மட்டும் ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே சொட்டு கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து அந்த இடத்தை மட்டும் ஒற்றி எடுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் மூன்று தடவை துடையுங்கள், சோப்பு மிஞ்சக் கூடாது. துண்டால் ஒற்றி உலர்த்துங்கள். ஹேர் டிரையர் போட்டால் குறைந்த சூட்டில், முயலுக்கும் காற்றுக்கும் நடுவே உங்கள் கையை வைத்துக்கொண்டு. உங்கள் கைக்குச் சுடுகிறது என்றால் முயலுக்கு எப்போதோ சுட்டுவிட்டது. சத்தத்துக்கு மிரண்டால் டிரையரை அணைத்துவிட்டு அடுத்த துண்டை எடுங்கள்.

"கத்தரித்துப் போட்டால் வேலை முடிந்தது" என்று இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். ரோமம் திரும்ப வளரும், அதனால் எண்ணம் தவறில்லை, கத்தரிக்கோல்தான் தவறு. என் கதையைச் சொல்கிறேன். சுண்டு என்று ஒரு சாம்பல் நிற முயல் வைத்திருந்தேன், விலாவில் பலாப்பிசின். தினமும் விலங்குகளோடு வேலை செய்கிறவள் என்ற தைரியம். திரியைத் தூக்கிப் பிடித்து அடியில் கத்தரித்தேன். திரியோடு தோலும் கூடாரம் போல் மேலே எழும்பியிருந்தது எனக்குத் தெரியவில்லை. சத்தமே போடவில்லை சுண்டு. ரத்தமும் வரவில்லை. ரோமத்துக்கு நடுவே ஒரு கண் திறந்தது போல் பளபளவென்று வெள்ளையாக ஏதோ தெரிந்தது, அடியிலிருக்கும் சவ்வு. நான்கு தையல். மருத்துவர் என்னைத் திட்டவில்லை, அதுதான் அதிகமாக உறுத்தியது. முயலின் தோல் நீங்கள் நினைப்பதைவிட மெல்லியது. வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் பசைக்கும் தோலுக்கும் நடுவே நெருக்கமான பல்லுள்ள சீப்பைச் செருகி, சீப்புக்கு மேலே மட்டும், மொட்டை முனைக் கத்தரியால் கொஞ்சம் கொஞ்சமாக. சீப்பு உள்ளே நுழையவில்லையா, அந்த இடம் உங்கள் வேலை இல்லை. மருத்துவமனையில் கிளிப்பர் போட்டு எடுப்பார்கள், தேவைப்பட்டால் மயக்கம் கொடுத்து.

பின்னங்காலில் எந்த இடம் என்று நீங்கள் எழுதவில்லை. தொடையில் என்றால் மேலே சொன்னதே போதும். பாதத்தின் அடியில் என்றால் அங்கே கத்தரியோ கிளிப்பரோ வேண்டவே வேண்டாம். நாய்க்கும் பூனைக்கும் பாதத்தில் தடித்த மெத்தை உண்டு, முயலுக்கு அது கிடையாது. அடர்ந்த ரோமம்தான் அதன் செருப்பு. அதைச் சிரைத்துவிட்டால் வெறும் தோல் தரையில் பட்டுப் புண்ணாகும். அந்தப் புண் ஆற மாதக்கணக்காகும், சிலதுக்கு ஆறுவதே இல்லை. பாதத்துக்கு எண்ணெயும் மாவும் பொறுமையும் மட்டும். சுத்தமாகும்வரை கம்பிவலைக் கூண்டில் விடாமல், தரையில் பழைய பருத்தித் துணியை விரித்து அதில் விடுங்கள். தினமும் துணியை மாற்றுங்கள்.

நடுவில் அது நக்கத்தான் செய்யும். கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டலாமா என்று கேட்பார்கள். முயலுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். முயல் இரண்டு வகைப் புழுக்கை போடும். கெட்டியானதை நீங்கள் பெருக்கி எடுக்கிறீர்கள். திராட்சைக் கொத்து போல மிருதுவாக வருவதை அது தானே குனிந்து வாயால் எடுத்துத் தின்றுவிடும், அதற்குத் தேவையான சத்து அதில் இருக்கிறது. கூம்பு மாட்டினால் அது முடியாது, பயத்தில் சாப்பாட்டையும் நிறுத்திவிடும். எண்ணெய் தடவிய பிறகு அரைமணி நேரம் மகளைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, ஒரு கட்டு கொத்தமல்லியை ஒவ்வொரு தண்டாகக் கொடுக்கச் சொல்லுங்கள். தின்கிற வாய் நக்காது. அவளுக்கும் ஒரு வேலை ஆயிற்று, ஷாம்பூ பற்றிய வருத்தமும் போய்விடும்.

இதுவரை சொன்னதில் தோல், முதுகெலும்பு, வாந்தி, பாதம், மண்ணெண்ணெய் பற்றியவை உறுதியானவை, எந்த முயல் மருத்துவரைக் கேட்டாலும் மறுக்க மாட்டார். மாவு விஷயத்தில் அந்த அளவு அடித்துச் சொல்ல மாட்டேன். எண்ணெயே வேண்டாம், மாவைத் தூவித் தூவி வாரினாலே பசை உதிர்ந்துவிடும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்டிக்கர் பசை போல மெல்லிய படலத்துக்கு அது நடந்து பார்த்திருக்கிறேன். அட்டைப் பசை தடிமனாக இருந்தால் மாவு அதோடு சேர்ந்து களியாகிவிடுகிறது. வேர்க்கடலை வெண்ணெய், மயோனைஸ் என்றெல்லாம் படிப்பீர்கள். அவற்றிலும் வேலை செய்வது எண்ணெய்தான், கூடவே உப்பும் சர்க்கரையும் முட்டையும் எதற்கு? தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவர்களோடு நான் வாதாடுவதில்லை.

எல்லாப் பிசுபிசுப்பும் பசையாகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவும். ஒரு காவடிச் சமயத்தில் பக்கத்துத் தெருக்காரர் ஒரு வெள்ளை முயலைத் தூக்கி வந்தார். பஞ்சாமிர்தப் பாத்திரத்தில் மார்பை வைத்துப் படுத்துவிட்டதாம். தேனும் வெல்லமும் வாழைப்பழமும் ரோமத்தில் காய்ந்து, எறும்பு வரிசை வேறு. அவர் அதற்கும் எண்ணெய் தடவியிருந்தார். சர்க்கரைப் பாகுக்கு எண்ணெய் எதற்கு? வெதுவெதுப்பான ஈரத்துணியை இரண்டு நிமிடம் மேலே வைத்து எடுத்தாலே கரைந்துவிடும். சூப்பர் குளூ இதற்கு நேர் எதிர். இறுகிய பிறகு எண்ணெயும் தண்ணீரும் அதை ஒன்றும் செய்யாது. ரோம நுனியில் மட்டும் என்றால் அப்படியே விடுங்கள், அடுத்த ரோமம் உதிர்வில் தானே விழுந்துவிடும். வாலடியில் எப்போதும் பிசுக்கு இருக்கிறது என்றால் அது சாப்பிடாமல் விட்ட மிருதுப் புழுக்கை. பெல்லட் தீவனத்தைக் குறைத்துப் புல்லைக் கூட்ட வேண்டும் என்பதற்கு அடையாளம் அது.

ஜனவரியில் இன்னொரு எதிரி உண்டு, ஈ. பிசுக்கும் ஈரமும் நாற்றமும் இருக்கிற ரோமத்தில் பச்சை ஈ முட்டை வைத்தால் ஒரு நாளுக்குள் புழுவாகிவிடும். அது தோலைத் தின்னும். வேலை முடியும்வரை முயலை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், காலையும் மாலையும் வாலடியையும் விலாவையும் ஊதிப் பாருங்கள். அரிசி நொறுக்கு போல் வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம். ஈ வருகிறதே என்று நாய்க்கு வைத்திருக்கும் உண்ணி மருந்தை எடுத்துத் தடவிவிடாதீர்கள். அதில் ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் முயலைக் கொன்றுவிடும்.

அடுத்த மூன்று நாளும் ரோமத்தைவிடப் புழுக்கையைத்தான் அதிகம் பார்க்க வேண்டும். கொண்டைக்கடலை அளவில், உருண்டையாக, உதிரியாக இருந்தால் குடல் ஓடுகிறது. முடியில் கோத்த மணிமாலை போல வந்தால் ரோமம் நிறைய விழுங்கியிருக்கிறது. காய்ந்த புல்லைக் கூட்டுங்கள், ஈராக்ராஸ்டிஸ் அல்லது டெஃப், குதிரைத் தீவனக் கடையில் கட்டாகக் கிடைக்கும். தண்ணீரைக் குப்பியில் வைக்காமல் அகலக் கிண்ணத்தில் வைத்தால் அதிகம் குடிக்கும். புழுக்கை மிளகளவுக்குச் சுருங்கினாலோ, நின்றேவிட்டாலோ, முயல் மூலையில் குறுகி உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடித்தாலோ அது வலி. முயலின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியது, நின்றால் நிலைமை வேகமாக மோசமாகும். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஒன்றும் தின்னவில்லை என்றால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள், ராத்திரியே கிளம்புங்கள். கிளம்பும் முன் போனில் "முயல் பார்ப்பீர்களா, எக்ஸாட்டிக்ஸ் பார்க்கும் டாக்டர் இருக்கிறாரா" என்று கேட்டுவிடுங்கள். எக்ஸாட்டிக்ஸ் என்றால் நாய் பூனை அல்லாத வளர்ப்புப் பிராணிகள். எல்லா இடத்திலும் முயலுக்குப் பழகிய கை இருக்காது. அட்டையின் உறையையும் தூக்கிப் போடாமல் கொண்டுபோங்கள். பசையில் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று அதில் போட்டிருக்கலாம், எலியை இழுக்க ஏதாவது கலந்திருந்தால் மருத்துவருக்கு அது தெரிய வேண்டும்.

கடைசியாக, அலமாரிக்குப் பின்னால் இன்னும் இரண்டு அட்டை இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இன்றைக்கே எடுத்துவிடுங்கள். எதிர்காலத்தில் ஏதாவது பிராணி அட்டையில் ஒட்டியபடியே கிடைத்தால் பிய்க்காதீர்கள். காலியாக இருக்கும் பசைமேல் காகிதத்தை ஒட்டி மூடி, சுற்றியுள்ள அட்டையைக் கத்தரியால் வெட்டிச் சின்னதாக்கி, பிராணியும் பசையும் சேரும் ஓரத்தில் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் காத்திருங்கள். அட்டைக்குப் பதில் எலி விஷம் வைக்கலாம் என்று தோன்றும், அதுவும் வேண்டாம். அந்தக் கட்டிகளைத் தானியம் கலந்துதான் செய்கிறார்கள், எலிக்கு முன்னால் உங்கள் முயல் தின்றுவிடும். முயல் நுழைய முடியாத சின்ன ஓட்டை போட்ட மரப்பெட்டிக்குள் அடிக்கும் பொறியை வைத்து, பெட்டியைச் சுவரோடு ஆணி அடித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அலமாரிக்குப் பின்னால் இருப்பது அதுதான்.